சமுதாயக் கல்லூரியின் கொண்டாட்ட வாரமும் சேவைப் பணியும்: மாணவருக்கு அதனால் என்ன பயன்?

உங்கள் கேள்வியின் சுருக்கம் இது. உங்கள் அக்கா மகன் கலிபோர்னியாவில் ஒரு சமுதாயக் கல்லூரியில் (உள்ளூர் மக்களுக்கான இரண்டாண்டு அரசுக் கல்லூரி) கணக்கியல் படிக்கிறார். பகுதி நேர வேலைக்கும் போகிறார். இரண்டு ஆண்டுகளில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு மாற வேண்டும் என்பது திட்டம். ஏப்ரலில் ஒரு வாரம் முழுவதும் வளாகக் கொண்டாட்டங்களும் தன்னார்வச் சேவைப் பணிகளும் நடக்கும் என்று கல்லூரியிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. இதில் நேரத்தைச் செலவிடுவது அவசியமா, நம் ஊர் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் போன்றதுதானா, பல்கலைக்கழக இடம் கிடைக்க உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கலந்துகொள்ளச் சொல்லுங்கள். ஆனால் வாரம் முழுவதையும் அதற்கு ஒதுக்க வேண்டியதில்லை; தன் படிப்போடு தொடர்புள்ள ஒரு சேவைப் பணியைத் தேர்ந்தெடுத்து அதை ஒழுங்காகச் செய்தால் போதும். வேலை நேரத்தையோ வகுப்பையோ விட்டுவிட்டுப் போகக் கூடாது. அந்தக் கல்லூரிகள் எப்படிப்பட்டவை என்பது தெரிந்தால் இப்படி ஏன் சொல்கிறேன் என்பதும் விளங்கும். ஆகவே அங்கிருந்து தொடங்குகிறேன்.

நான்காண்டுப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களில் பலர் விடுதியில் தங்குகிறார்கள். இரவு உணவும் விளையாட்டும் நட்பும் வளாகத்துக்குள்ளேயே தாமாக அமைந்துவிடுகின்றன. பெரும்பாலான சமுதாயக் கல்லூரிகளில் விடுதி கிடையாது. காலை வகுப்புக்கு வருபவர் மதியம் கடையில் நிற்க வேண்டியவராக இருப்பார்; மாலை வகுப்புக்கு வருபவர் குழந்தையை யாரிடமாவது விட்டுவிட்டு வந்தவராக இருப்பார். கார் நிறுத்துமிடத்திலிருந்து வகுப்பறைக்கும், வகுப்பறையிலிருந்து கார் நிறுத்துமிடத்துக்கும் நடப்பதோடு பலருடைய கல்லூரி வாழ்க்கை முடிந்துவிடுகிறது. பக்கத்து இருக்கையில் இருப்பவரின் பெயர்கூடத் தெரியாமல் ஒரு பருவம் கழிந்துவிடும். அத்தகையவர் ஒரு தேர்வில் தோற்றாலோ, கார் பழுதானாலோ, கல்லூரியை விட்டு விலகுவதைத் தடுக்க அங்கே யாரும் இருப்பதில்லை. அவர் வராமல் போனதைக் கவனிக்கவும் ஆள் இருக்காது. பல கல்லூரிகள் வாரத்தில் சில நாட்கள் மதியத்தில் ஒரு மணி நேரம் வகுப்பே வைக்காமல் 'காலேஜ் அவர்' என்று ஒதுக்கியிருப்பது இந்தக் குறையை ஈடுசெய்வதற்குத்தான். கொண்டாட்ட வாரத்தின் நோக்கமும் அதுவே. அதை வெறும் கேளிக்கை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வராது.

சேவைப் பணி இதில் எப்படி வந்து சேர்ந்தது என்பதற்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவில் இன்றும் இயங்கிவரும் அரசுச் சமுதாயக் கல்லூரிகளில் மிகப் பழையது இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் ஜூனியர் கல்லூரி. சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் ஜோலியட் உயர்நிலைப் பள்ளியை நடத்திவந்த ஜே. ஸ்டான்லி பிரவுனும் சேர்ந்து 1901-இல் ஆறு மாணவர்களுடன் அதைத் தொடங்கினார்கள். ஊரைவிட்டு வெளியே போக இயலாத பிள்ளைகளுக்கு, கல்லூரியின் முதல் இரண்டு ஆண்டுப் படிப்பை ஊரிலேயே கொடுப்பதே அதன் எண்ணம். கலிபோர்னியாவில் 1910-இல் ஃபிரெஸ்னோவில் முதல் ஜூனியர் கல்லூரி (சமுதாயக் கல்லூரிக்கு அன்றைய பெயர்) வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து, படைவீரர்கள் அரசின் கல்வி உதவியோடு கல்லூரிகளுக்குத் திரண்டு வந்த காலத்தில், அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு, இத்தகைய கல்லூரிகள் நாடெங்கும் பெருக வேண்டும் என்று 1947-இல் சொன்னது. மேற்படிப்புக்கான ஏணியாக இருப்பது மட்டும் போதாது. தொழிற்கல்வி, முதியோர் கல்வி, கலை ஆகியவற்றுக்கும் அந்தந்த ஊரின் மையமாக அவை விளங்க வேண்டும் என்பது அக்குழுவின் கருத்து. 1960-இல் கலிபோர்னியா வகுத்த உயர்கல்விப் பெருந்திட்டம், படித்துப் பயனடையக்கூடிய எவருக்கும் கதவைத் திறந்து வைக்கும் பொறுப்பை இக்கல்லூரிகளிடம் ஒப்படைத்தது. இன்று அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் 116 சமுதாயக் கல்லூரிகள் உள்ளன.

இதில் நம்மவர் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. கலிபோர்னியாவில் சமுதாயக் கல்லூரி மாவட்டங்களை நிர்வகிக்கும் அறங்காவலர்களை அந்தப் பகுதி வாக்காளர்களே தேர்தலில் தேர்ந்தெடுக்கிறார்கள். புதிய ஆய்வகமோ நூலகமோ கட்டக் கடன் பத்திரம் வெளியிட வேண்டுமானால், அதையும் அதே வாக்காளர்களிடம்தான் கேட்க வேண்டும். 2000-ஆம் ஆண்டு நிறைவேறிய மாநிலச் சட்டத் திருத்தத்தின்படி 55 விழுக்காடு வாக்கு இருந்தால் அது நிறைவேறும். அந்தக் கடனை அப்பகுதிச் சொத்து வரியிலிருந்து மக்கள் அடைக்கிறார்கள். ஆகவே கல்லூரி ஊருக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய இடத்தில் இருக்கிறது. வருடத்தில் ஒரு வாரம் வளாகத்தின் வாயிலைத் திறந்து வைத்து ஊராரை உள்ளே அழைப்பதும், மாணவர்களை ஊருக்குள் அனுப்புவதும் அந்த உறவின் இயல்பான வெளிப்பாடு என்றே கருதுகிறேன்.

நாட்டு நலப்பணித் திட்டத்தோடு ஒப்பிட்டுக் கேட்டீர்கள். ஒற்றுமை உண்டு; வேற்றுமைதான் அதிகம். காந்தியடிகள் நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் தொடங்கிய நம் திட்டம் நடுவண் அரசின் திட்டம். இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணி, தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம் என்று அதற்கு எல்லா ஊரிலும் ஒரே வரையறை. அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளுக்கு அப்படியொரு பொது விதி இல்லை. ஒவ்வொரு கல்லூரியும் தன் வாரத்தைத் தானே வகுத்துக்கொள்கிறது. அதைவிட முக்கியமான வேற்றுமை, நம் முகாமில் மாணவர்கள் தாங்கள் வாழாத ஓர் ஊருக்குப் போய்த் தங்கிப் பணி செய்துவிட்டுத் திரும்புகிறார்கள். அங்கே மாணவர்கள் பணி செய்யப் போகும் ஊர் அவர்களுடைய சொந்த ஊர். தாங்கள் வண்ணம் பூசும் பள்ளிச் சுவருக்குள் அவர்களுடைய தம்பியோ மகளோ படித்துக்கொண்டிருக்கக்கூடும்.

ஏப்ரலில் இந்த வாரம் வருவதற்கும் காரணம் உண்டு. இலையுதிர்ப் பருவத் தொடக்கத்தில், புதிய மாணவர்களைச் சங்கங்களில் சேர்க்கும் 'கிளப் ரஷ்' நடந்துவிடுகிறது. ஜனவரி மூன்றாம் திங்கட்கிழமையன்று மார்ட்டின் லூதர் கிங் நாள். 1994-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அந்த விடுமுறையைச் சேவை நாளாகவும் ஆக்கியது. கிங்கோடு சேர்ந்து போராடிய ஜான் லூயிஸும் ஹாரிஸ் வாஃபோர்டும் அதற்காக முன்னின்றார்கள். ஆனால் பல கல்லூரிகளில் அப்போது வசந்தப் பருவம் தொடங்கியே இருக்காது, அல்லது அப்போதுதான் தொடங்கியிருக்கும். ஏப்ரலில் தேசியத் தன்னார்வலர் வாரமும், 1970 முதல் 22-ஆம் தேதி கொண்டாடப்படும் புவி நாளும் அடுத்தடுத்து வருகின்றன. வானிலையும் இதமாக இருக்கும். மே மாத இறுதித் தேர்வுக்கும் இடைவெளி இருக்கும்.

கொண்டாட்டப் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாணவர் செலுத்தும் செயல்பாட்டுக் கட்டணத்திலிருந்து மாணவர் பேரவை பணம் ஒதுக்கும். இசை, நடனம், பல நாட்டு உணவு, விளையாட்டுப் போட்டி, கலைத்துறை மாணவர்களின் கண்காட்சி, பழைய மாணவர் சந்திப்பு ஆகியவை இருக்கும். இவற்றில் சில மிகப் பெரிதாக வளர்ந்ததும் உண்டு. மயாமி டேட் கல்லூரி நகர மையத்தில் உள்ள தன் வளாகத்தில் 1984-இல் தொடங்கிய புத்தகத் திருவிழா இன்று எட்டு நாள் நடக்கும் பெருவிழாவாகி, அமெரிக்காவின் முக்கியமான இலக்கிய விழாக்களில் ஒன்றாக நிற்கிறது. கல்லூரியில் ஒரு நாளும் படிக்காத மயாமிவாசிகளும் நவம்பர் வந்தால் அந்த வளாகத்துக்குப் போகிறார்கள். ஒரு சமுதாயக் கல்லூரி ஊருக்குத் தரக்கூடிய மிகச் சிறந்த கொண்டாட்டமாக நான் அதையே சொல்வேன். உங்கள் அக்கா மகனுடைய கல்லூரியில் அத்தனை பெரிதாக ஏதும் இராது. ஒரு மதிய நேரம் போய் அங்கே சாப்பிட்டு, நாலு பேரோடு பேசிவிட்டு வந்தால் போதும்.

சேவைப் பகுதியில்தான் தேர்ந்தெடுக்கத் தெரிய வேண்டும். எல்லாச் சேவைப் பணிகளும் ஒரே தரத்தவை அல்ல. ஒரே நிறப் பனியனை அணிந்து பூங்காவில் ஒன்றரை மணி நேரம் குப்பை பொறுக்கிக் குழுப்படம் எடுத்துக்கொண்டு கலைவதும் சேவைதான், பூங்காவும் தூய்மையாகும். ஆனால் அந்த வேலையை எவரும் செய்யலாம். சமுதாயக் கல்லூரி மாணவரிடம் வேறெவரிடமும் எளிதில் கிடைக்காத ஒன்று இருக்கிறது. அது கையில் உள்ள தொழில். பல் சுகாதாரப் பிரிவு மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் குறைந்த செலவில் பல் சுத்தம் செய்கிறார்கள். காப்பீடு இல்லாத குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதை அமெரிக்காவில் பல் மருத்துவரிடம் பணம் கட்டியவர்கள் அறிவார்கள். செவிலியர் பிரிவினர் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். வாகனப் பழுதுப் பிரிவினர் முதியோரின் கார்களில் டயர் காற்றழுத்தம், பிரேக், விளக்குகளைச் சோதித்துக் கொடுக்கிறார்கள். சிகையலங்காரப் பிரிவினர் வேலை நேர்காணலுக்குப் போகிறவர்களுக்கு முடி திருத்துகிறார்கள். சமையற்கலைப் பிரிவினர் காப்பகத்துக்குச் சமைக்கிறார்கள். தோட்டக்கலைப் பிரிவினர் மரம் நடுகிறார்கள். மரங்களைப் பேணும் கல்லூரிகளுக்கு ஆர்பர் டே அறக்கட்டளை தரும் அங்கீகாரத்துக்கான ஐந்து நிபந்தனைகளில், மாணவர்கள் கற்றபடியே சேவை செய்யும் ஒரு திட்டமும் இருக்க வேண்டும் என்பது ஒன்று. வகுப்பில் கற்றதை, உண்மையாகவே அதைத் தேவைப்படுகிற ஒரு மனிதர் முன்னால் செய்து காட்டும்போது அது மாணவருடைய சொந்தத் திறனாகிறது.

ஒரு பணி நல்லதா என்று அறிய நான் முதலில் கேட்பது, இதை வேண்டும் என்று சொன்னது யார் என்பதைத்தான். கல்லூரி அலுவலகம் தானாக யோசித்து வைத்ததா, அல்லது பள்ளியோ நூலகமோ முதியோர் மையமோ கேட்டதா? இரண்டாவது வகையே பெரும்பாலும் வாரம் முடிந்த பின்னும் நீடிக்கிறது. முதல் வகையில், ஏற்கெனவே நன்றாக இருக்கும் சுவருக்கு மறுபடியும் வண்ணம் பூசிய நிகழ்ச்சிகள் உண்டு.

மனத்தில் மிகுதியாக நிற்பது வேறொன்று. சமுதாயக் கல்லூரியில் கொடுப்பவரும் பெறுபவரும் தனித்தனி ஆட்கள் அல்லர். சேவை வாரத்தில் அரிசியும் பதப்படுத்திய பீன்ஸும் திரட்டி ஃபுட் பான்ட்ரி எனப்படும் இலவச மளிகை அறையில் அடுக்கும் மாணவரே, மாதக் கடைசியில் அதே அறைக்கு வந்து ஒரு பையை எடுத்துச் செல்பவராக இருக்கலாம். டெக்சாஸின் அமரில்லோ கல்லூரி, படிப்பைத் தொடர முடியாமல் தடுப்பது எது என்று தன் மாணவர்களிடம் கேட்டபோது, முன்னணியில் வந்த பத்துத் தடைகளில் ஒன்றுகூடப் பாடம் சம்பந்தப்பட்டதாக இல்லை. குழந்தைப் பராமரிப்பு, போக்குவரத்து, உணவு, வீட்டு வாடகை என்றே பட்டியல் நீண்டது. அதன் பிறகு அந்தக் கல்லூரி சமூகப் பணியாளர்களை அமர்த்தி, உணவும் உடையும் தரும் உதவி மையத்தை வளாகத்தின் நடுவிலேயே அமைத்தது; 2023-இல் சமுதாயக் கல்லூரிகளுக்கான ஆஸ்பென் விருதை இம்பீரியல் வேலி கல்லூரியுடன் பகிர்ந்துகொண்டது. கலிபோர்னியாவும் 2021-இல் சட்டம் இயற்றி, ஒவ்வொரு சமுதாயக் கல்லூரியும் 2022 ஜூலைக்குள் அடிப்படைத் தேவைகள் மையம் ஒன்றை அமைக்க வேண்டும் என்றது. உங்கள் அக்கா மகனுடைய கல்லூரியிலும் அது இருக்க வேண்டும்.

ஆதலால், ஏழைகளுக்கு நாம் இரங்கிக் கொடுக்கிறோம் என்ற தொனியில் நடத்தப்படும் சேவை வாரம் அந்த வளாகத்துக்குப் பொருந்தாது. கூட்டத்தில் நிற்கும் சிலரை அது தலைகுனிய வைக்கும். உதவி மையத்தின் மேசையை இசை நிகழ்ச்சி நடக்கும் இடத்திலேயே, மற்ற மேசைகளோடு மேசையாக வைத்து, அரசின் கால்ஃபிரெஷ் உணவு உதவிக்கு விண்ணப்பிக்க மாணவர்களே மாணவர்களுக்கு உதவுவதைப் பெரிதும் மதிக்கிறேன். கொண்டாட்டத்தையும் சேவையையும் ஒரே வாரத்தில் வைப்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தோன்றவில்லை. உதவி கேட்டு ஓர் அலுவலகக் கதவைத் தட்டத் தயங்குபவர், பாட்டு கேட்க வந்த இடத்தில் ஒரு படிவத்தைக் கூச்சமின்றி எடுத்துக்கொள்வார்.

இதெல்லாம் படிப்பைத் தொடர உதவுமா என்றால், கல்லூரியை விட்டு மாணவர்கள் ஏன் விலகுகிறார்கள் என்பதை நெடுங்காலம் ஆராய்ந்த வின்சென்ட் டின்டோவைச் சொல்ல வேண்டும். பாடத்தோடும் சக மாணவர்களோடும் ஒருசேரப் பிணைப்பு ஏற்பட்டால் மாணவர் நிலைத்திருப்பார் என்பது அவருடைய அடிப்படைக் கருத்து. விடுதியே இல்லாத கல்லூரிக்கு அது எப்படிப் பொருந்தும் என்ற கேள்வி எழுந்தது. 1997-இல் அவர் வெளியிட்ட ஆய்வு சியாட்டில் சென்ட்ரல் சமுதாயக் கல்லூரியைப் பற்றியது. வகுப்புகளை ஒன்றோடொன்று இணைத்து மாணவர்களைக் கூட்டாகக் கற்கவைத்த திட்டம் ஒன்றை அதில் ஆராய்ந்து, வீட்டிலிருந்து வந்துபோகும் மாணவர்களுக்கு நட்பும் படிப்பும் சந்திக்கும் இடம் வகுப்பறைதான் என்று காட்டினார். இதை வைத்துப் பார்த்தால், தனி ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டு எங்கோ போய் வேலை செய்வதைவிட, தன் வகுப்பு ஆசிரியரும் வகுப்புத் தோழர்களும் சேர்ந்து செய்யும் பணியே உங்கள் அக்கா மகனுக்கு அதிகம் பயன்படும்.

இனி, பல்கலைக்கழக இடம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு மாறும் மாணவருக்கு முதன்மையானவை 60 செமஸ்டர் அலகுகளும் (கிரெடிட்), தேவையான பாடங்களும், மதிப்பெண் சராசரியுமே. சேவை அவற்றுக்கு ஈடாகாது. ஆயினும் அப்பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எழுத வேண்டிய சுய விளக்கக் கேள்விகளுள், உங்கள் கல்வி நிலையத்தையோ ஊரையோ மேம்படுத்த என்ன செய்தீர்கள் என்பதும் தேர்ந்தெடுக்கக் கூடிய ஒன்றாக இருக்கிறது. அதற்கு ஒரு நாள் குப்பை பொறுக்கியதை எழுதினால் எடுபடாது. ஓர் ஆண்டு ஒரே பணியைத் தொடர்ந்ததை எழுதினால் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் எனப்படும் மற்றொரு அமைப்பின் வளாகங்களில் பொதுவாகக் கட்டுரை கேட்பதில்லை. மதிப்பெண்ணையும் பாடங்களையும் வைத்தே முடிவு செய்கிறார்கள். சராசரி 4-க்கு 3.5 அளவில் இருந்தால், ஃபை தீட்டா கப்பா என்னும், நன்கு படிக்கும் சமுதாயக் கல்லூரி மாணவர்களுக்கான கௌரவச் சங்கத்தில் சேர அழைப்பு வரலாம். 1918-இல் தொடங்கிய அந்தச் சங்கம் சேவையைத் தன் நான்கு கொள்கைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. வேறு பல்கலைக்கழகங்களுக்கு மாறுவோருக்கென உறுப்பினர்களுக்கு மட்டும் தரப்படும் உதவித்தொகைகளும் உண்டு.

உங்கள் அக்கா குடும்பம் அங்கேயே வாழ்வதால் அவருக்கு விசா கட்டுப்பாடு இராது என்று கொள்கிறேன். இந்தப் பதிலைப் படிக்கும் வேறு யாருடைய பிள்ளைகளாவது எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் இருந்தால், ஒன்றைக் கவனிக்க வேண்டும். உணவு வங்கி, பூங்கா போன்ற இடங்களில் எல்லோரும் ஊதியமின்றிச் செய்யும் தொண்டில் சிக்கல் இல்லை. வழக்கமாகச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கும் வேலையைத் 'தன்னார்வம்' என்ற பெயரில் இலவசமாகச் செய்வது, அனுமதியற்ற வேலையாகக் கருதப்படும் அபாயம் உண்டு. பெயர் கொடுப்பதற்கு முன் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, கணக்கியல் படிக்கும் உங்கள் அக்கா மகனுக்கென்றே பொருத்தமான ஒரு பணி இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வருமான வரிப் படிவம் தயாரித்துக் கொடுக்கும் வைட்டா என்னும் திட்டத்தை, அமெரிக்க வருவாய்த் துறை அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடத்திவருகிறது. பல சமுதாயக் கல்லூரிகள் அதற்கு மையமாக இருக்கின்றன. தன்னார்வலர் வருவாய்த் துறையின் பயிற்சியை முடித்து இணையவழித் தேர்வில் தேறிச் சான்று பெற வேண்டும். அவர் தயாரிக்கும் ஒவ்வொரு படிவத்தையும் இன்னொருவர் சரிபார்த்த பிறகே அனுப்புவார்கள். குழந்தைகள் உள்ள தொழிலாளர் குடும்பத்துக்கு வரிச் சலுகை வழியே சில ஆயிரம் டாலர் திரும்பக் கிடைப்பதும், அதைத் தனியார் வரி அலுவலகத்துக்குக் கட்டணம் கொடுக்காமல் முழுதாகப் பெறுவதும் அந்த மேசையில் நடக்கும். இந்த ஆண்டுப் பணி ஏப்ரல் நடுவில் வரித் தாக்கலோடு முடிந்துவிடும். எனவே சேவை வாரத்தில் கணக்கியல் துறையின் மேசைக்குப் போய், அடுத்த வரிப் பருவத்துக்கான வைட்டா பயிற்சிக்கு இப்போதே பெயரைப் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள். பயிற்சி பெரும்பாலும் டிசம்பரிலோ ஜனவரியிலோ நடக்கும். மையங்கள் ஜனவரி இறுதியில் திறந்து மாலையிலும் சனிக்கிழமையிலும் இயங்குவதால், அவருடைய பகுதி நேர வேலைக்கும் இடையூறு வராது.